மூளையுறையை எட்டிய மார்பகப் புற்றுநோய்: மருத்துவமும் சொல்லும்



மொழிக்கான மேடையில் இந்நோயைப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். பால்மரம் சீவிய காலம் மறைந்து, தோட்டங்கள் தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. எனினும் நம் மூத்த தாய்மார் உடல்நோவைத் தமிழில் சொல்லியே பழகியவர்கள். அந்நோவுக்கு இடும் பெயர் தவறினால் மருத்துவமும் காலம் தாழ்ந்துவிடும்.

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் போர்த்தியுள்ளன. உள்ளுறைகள் இரண்டிற்கும் இடையிலும் மூளையின் அறைகளிலுமாக ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் தெளிநீர் சுற்றி வருகிறது. மார்பகப் புற்றணுக்கள் அந்நீரை எட்டினால், நீர் செல்லும் இடமெல்லாம் அவையும் செல்லும். ஆதலின் அறிகுறிகளும் சிதறியே தோன்றும்: தலைவலி, இரட்டைப் பார்வை, முகம் மரத்துப்போதல், கால் தளர்ச்சி, சிறுநீர் கழிப்பதில் இடர். இவற்றைக் "காற்றுப் பட்டது" என்றும் "நரம்புத் தளர்ச்சி" என்றும் தனித்தனியே பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம். "மூளைக்காய்ச்சல்" என்பது கிருமியால் வருவதைக் குறிக்கும் சொல். அதுவும் இங்குப் பொருந்தாது. "மூளையுறைப் புற்றுப்பரவல்" என்பதே நேரிய சொல் என்பது என் கருத்து.

எம்.ஆர்.ஐ. படத்தோடு, முதுகில் ஊசியிட்டு நீரெடுத்தும் நோயை உறுதிசெய்வர். முதல் முறை அணுக்கள் தென்படாவிடின் மீண்டும் எடுக்க நேரும். இவ்வூசியால் கால் விளங்காமற் போகும் என அஞ்சுவோர் உளர். தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது.

குருதிவழிச் செலுத்தும் மருந்துகள் பல இந்நீரைப் போதிய அளவு சென்றடைவதில்லை. இன்றைய பாகிஸ்தானில் பிறந்த அறுவை மருத்துவர் அயூப் ஒம்மாயா, 1963இல் தலைத்தோலின் அடியில் பதிக்கும் சிறு குமிழொன்றை அறிமுகப்படுத்தினார். அதன்வழி மருந்தை நேரே நீருக்குள் செலுத்தலாம். அவ்வாறு செலுத்தப்படும் மெத்தோட்ரெக்சேட், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஃபோலிக் அமில ஆய்வுகளின் வழி வந்தது. நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர்கள் இவை. கதிர்வீச்சும் உண்டு, ஹெர்-2 வகைப் புற்றுக்கு டுகாட்டினிப் போன்ற மாத்திரைகளும் சிலருக்குப் பயன் தருகின்றன.

முற்றும் குணமாகும் என்று உறுதி கூறுவது பொய். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் பொய். மருத்துவமின்றேல் பெரும்பாலும் சில வாரங்கள். மருத்துவத்தால் சில மாதங்கள், சிலருக்கு அதனினும் கூடுதல். அக்காலத்தை எவ்வாறு கழிப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை நோயுற்ற தாய்க்கே உரியது. அவரிடம் மறைத்துவிட்டு மருத்துவரோடு தனியே பேசும் வழக்கத்தைப் பிள்ளைகள் விடவேண்டும்.

மார்பகப் புற்றுக்கு மருத்துவம் பெற்று ஆண்டுகள் பல கடந்திருப்பினும், புதிய தலைவலியோடு மருத்துவமனை செல்பவர் அப்பழைய நோயையே முதலில் கூறுக. "கான்சர் பாயுடாரா" என மலாயில் இரு சொற்கள் சொன்னாலும் போதும்.