உருகாமலே உருமாறும் உலோகம்



பட்டமளிப்பு மேடையில் பொதுவான வாழ்த்துரை நிகழ்த்துவதே சம்பிரதாயம் எனினும், உலோகங்களோடும் இயந்திரங்களோடும் பழகிய உங்கள் முன்னிலையில், நெடுங்காலமாக என் மனத்தை ஆட்கொண்டிருக்கும் ஒரு சாஸ்திர விஷயத்தைச் சொல்லவே விழைகிறேன்: அலுமினியக் கலப்புலோகத்தை உருக்காமலே, சுழலும் கருவியின் உராய்வினால் கிளறி, அதன் குணங்களை மாற்றும் முறையே அது.

1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில், தகடுகளை இணைப்பதற்கென்று பிறந்த உபாயத்தை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ஒரே தகட்டின் ஸ்வபாவத்தைத் திருத்தும் பிரயோகமாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவில் பணியாற்றிய இந்திய வம்சாவளியினரான ராஜீவ் மிஸ்ரா. கருவியின் தோள் தகட்டின்மீது அழுந்தி உஷ்ணத்தை எழுப்ப, அதன் கீழுள்ள சிறு முளை உலோகத்தைப் பிசைந்த மாவைப்போல் இளக்கிச் செல்ல, பழைய பெருமணிகள் சிதைந்து நுண்மணிகள் தோன்றுகின்றன. 7075 என்னும் விமானக் கலப்புலோகத்தில் இவ்வாறு அவர் குழு பெற்ற மணிகள் ஏறத்தாழ 3.3 மைக்ரான் அளவினவே. அவ்வுலோகம் 490 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் 1000 சதவீதத்திற்கும் மேலான நீட்சியை அறுபடாமல் தாங்கிற்று. வார்ப்பு அலுமினியத்திலோ, மறைந்திருந்த துளைகள் மூடிக்கொள்ள, ஊசிகளாய் நின்ற சிலிக்கன் நொறுங்கிச் சீராய்ப் பரவுகிறது.

ஆயினும் நான் சற்று நின்று பேச விரும்பும் இடம் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளங்கோவனும் பாலசுப்பிரமணியனும், ராக்கெட் எரிபொருள் தொட்டிகளுக்கு உகந்த 2219 கலப்புலோகத்தை எடுத்துக்கொண்டு, நேருருளை, கூம்புருளை, மரையுருளை, முக்கோணம், சதுரம் என்று முளையின் வடிவத்தை ஐவகையாக மாற்றியும், சுழற்சி வேகத்தை ஏற்றியிறக்கியும் பரீட்சித்து, நிமிஷத்திற்கு 1600 சுற்றில் சதுர முளையே குறையற்ற இணைப்பைத் தருகிறதென்று 2007இல் வெளியிட்டார்கள். சதுரத்தின் தட்டை முகங்கள் நான்கும் மாறி மாறித் தள்ளுவதால் வினாடிக்கு ஏறக்குறைய 107 துடிப்புகள் உலோகத்தை அசைக்கின்றன. உருளைக்கு அத்துடிப்பு இல்லை. பட்டறையில் கடைந்தெடுக்கும் ஒரு சிறு முளையின் வடிவம் ராக்கெட்டுக்குரிய உலோகத்தின் பலத்தை நிர்ணயிப்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெப்பப் பதத்தால் வலுவேற்றிய 6061இல், அவ்வலுவுக்குக் காரணமான மக்னீசிய-சிலிக்கன் நுண்படிவுகளைக் கிளறலின் உஷ்ணம் கரைத்துவிடுகிறது. மணி நுண்மையாகியும் கடினம் குறைகிறது. கப்பலுக்குரிய 5083 மென்பதத்தில் இருந்தால் நுண்மணி லாபமே. குளிர்நிலையில் உருட்டி வலுவேற்றியதாயின், அந்த வலு போய்விடும். ஆகவே 'நுண்மணி, ஆதலால் பலம்' என்று எந்த அலுமினியத்துக்கும் ஒரே விதியைப் பொருத்திவிடாதீர்கள்; அது எந்தப் பதத்தில் உங்கள் கைக்கு வந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

உங்களுள் ஜொகூரின் பாசிர் கூடாங் கப்பல் பட்டறைக்குப் போகிறவர்களும், ஸ்கூடாயிலோ பரிட் ராஜாவிலோ மேற்படிப்பைத் தொடர்கிறவர்களும், உறுதியான மில்லிங் இயந்திரமொன்றும் கடின எஃகு முளையொன்றும் கிடைத்தாலே இந்த ஆராய்ச்சியைத் தொடங்கலாம். கிளறிய பாதையைக் குறுக்கே அறுத்து, மெருகிட்டு, அமிலத்தில் தோய்த்து, உருப்பெருக்கியின்கீழ் வையுங்கள். முளையின் சுழற்சியும் நகர்வும் ஒரே திசையில் சேரும் பக்கத்தில் சுரங்கம்போல் துளை ஓடுகிறதா என்று பார்த்த பிறகே, இழுவிசைச் சோதனைக்கு மாதிரியை அனுப்புங்கள்.