ஆபத்தை யார் சுமப்பது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



துணிவையும் நாட்டுப் பணியையும் பற்றிப் பேசுமாறு சங்கம் கேட்டது. இக்கல்லூரியிலிருந்து மருத்துவபீடம் சென்று, இன்று நாற்பதைத் தாண்டி நிற்கும் எங்கள் வகுப்புத் தோழியர் அனைவருக்குமாக இதைப் பேசுகிறோம். எங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறோம்.

வன்னியிலோ கிழக்கிலோ ஒரு சிறிய வைத்தியசாலை. வயலில் கண்ணாடி விரியன் தீண்டிய ஒருவரை இரவில் கொண்டு வருகிறார்கள். அவரது குருதியைச் சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தால், அது உறைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து உடனே ஏற்றப்பட வேண்டும். ஆனால் அம்மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். கடமையில் தனியாக நிற்கும் இளம் வைத்தியருக்குப் பயம் வருவது இயல்பு. பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டால் அவரை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஆனால் அந்த ஆபத்து எங்கே போகிறது? அது மறைவதில்லை. வைத்தியரின் தோளிலிருந்து இறங்கி, அம்புலன்ஸில் படுத்திருக்கும் அந்த விவசாயியின் மேல் ஏறிவிடுகிறது. வழியில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் விஷம் அவரது சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அனுப்பித்தான் ஆகவேண்டிய நோயாளரும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் எமது பாதுகாப்புக்காக நாம் ஒதுங்கும்போது, எம்மிலும் பலவீனமான ஒருவர் அந்தப் பாரத்தைச் சுமக்கிறார். இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

துணிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது என்று தங்கைமார் நினைக்க வேண்டாம். துணிந்த வைத்தியர் அட்ரினலினை ஊசியில் எடுத்துக் கட்டிலருகே வைத்துக்கொண்டுதான் விஷமுறிவு மருந்தைத் தொடங்குவார். அதன் பிறகு நோயாளியை விட்டு நகரமாட்டார்.

இந்தப் பாடத்தை மருத்துவபீடத்துக்குப் போகுமுன்பே நாங்கள் இங்கு கண்டோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. அதற்கு முன்பே பல ஆண்டுகளாக மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயைத் துளி துளியாக அளந்து ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். எங்கள் ஆசிரியைகளுக்கும் குடும்பம் இருந்தது. கொழும்பில் உறவினர் இருந்தனர். போயிருக்கலாம். போகாமல், இரவல் கட்டடங்களிலும் மரநிழலிலும் எங்களுக்கு இரசாயனம் படிப்பித்தார்கள். அவர்கள் ஒதுங்கியிருந்தால் அந்த ஆபத்து எங்கள் எதிர்காலத்தின் மேல் விழுந்திருக்கும். பரீட்சைப் பெறுபேறுகளில் எங்கள் பெயர்கள்தான் வந்தன. அவற்றின் விலையைச் செலுத்தியவர்கள் அவர்கள்.

எமது மண்ணின் மருத்துவ வரலாறும் இதையே சொல்கிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் கற்பித்தார். தமிழில் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போகாமல் ஊரிலேயே நின்று ஊருக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணங்களில் ஒன்று. அதற்காக மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். படித்தவர் ஊரில் நிற்பாரா என்ற கேள்வி நேற்று முளைத்ததல்ல.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1999 இல் இந்நாட்டில் 250,000 இற்கும் மேற்பட்டோர் மலேரியாவுக்கு ஆளாகினர். வடக்கும் கிழக்கும் மிகவும் பாதிக்கப்பட்டிருந்தன. போர் நடந்த காலத்திலும் மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் குருதி மாதிரி எடுப்பதையும் மருந்து தெளிப்பதையும் விட்டுவிடவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் இனங்காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வீடுவீடாகச் சென்ற அந்த ஊழியர்களின் பெயர்களை எந்த மேடையும் சொல்வதில்லை. இன்று இந்த மேடையிலாவது அவர்களை நினைவுகூருகிறோம்.

2022 நெருக்கடிக்குப் பின் பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டை விட்டுச் சென்றுள்ளனர். எங்கள் தோழியரிலும் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இங்கு வரவில்லை. சிலரைப் போர் துரத்தியது. சிலரைப் பிள்ளைகளின் பசி துரத்தியது. தூரத்திலிருந்தும் ஊரைத் தாங்குபவர்கள் அவர்களில் பலர். ஆனால் கலியாண வீடுகளில் எங்களைக் கண்டால் "இன்னும் இங்கைதான் நிக்கிறியளோ?" என்று இரக்கத்தோடு கேட்கிறார்கள். அந்த இரக்கம் எங்களுக்கு வேண்டாம். நிற்பது தோல்வி அல்ல என்பதை எங்கள் பிள்ளைகள் முன்னால் நாம் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

தங்கைமாரே, வைத்தியராக, தாதியாக, குடும்பநல உத்தியோகத்தராக, விஞ்ஞான ஆசிரியையாக முதல் நியமனம் பெறும் நாளில், வீட்டுக்கு எத்தனை மைல் என்று பாருங்கள், தவறில்லை. கூடவே, "நான் போகாவிட்டால் அங்கே யார் இருப்பார்?" என்றும் கேளுங்கள்.

பெற்றோரே, "கிட்டவாகப் பார்த்து எடு, பிள்ளை" என்பதை முதல் புத்திமதியாகச் சொல்லாதீர்கள். பிள்ளை போகும் இடத்தை ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். உங்கள் பயமும் பாதி குறையும்.

சங்கத்தினரே, துணியச் சொல்பவர்கள் துணையாகவும் நிற்க வேண்டும். கஷ்டப் பிரதேசத்துக்குப் போகும் எமது பிள்ளைக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும். இரவு 2 மணிக்குத் தொலைபேசியை எடுத்து, "பயப்படாதே, இதைச் செய்" என்று சொல்ல ஒரு அக்கா வேண்டும். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள எமது மருத்துவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை இந்த நூற்றாண்டு ஆண்டிலேயே தயாரிப்போம். எங்கள் வகுப்பினர் தங்கள் இலக்கங்களை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டோம்.

கல்லூரி அன்னை வாழ்க!