கால்டுவெல் பாதிரியாரும் பகுத்தறிவும்

(தேனியில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று கால்டுவெல் பாதிரியாரைப் பற்றி நாம் பேசப் போகின்றோம் என்று தெரிந்ததும் சிலர், “கடவுள் இல்லை, மதம் வேண்டாம் என்று சொல்லுகின்றவர்களுக்குப் பாதிரியாரிடத்தில் என்ன வேலை?” என்று கேட்கின்றார்களாம். கேட்க வேண்டிய கேள்விதான். நமக்கு அவருடைய அங்கியிடத்தில் வேலையில்லை. அவர் சொன்ன சங்கதியிடத்தில்தான் வேலை. யார் சொன்னார் என்று பார்த்துக் கும்பிடுவது மதக்காரர் வழக்கம். என்ன ஆதாரத்தைக் கொண்டு சொன்னார் என்று பார்ப்பது பகுத்தறிவுக்காரர் வழக்கம்.

முதலில் அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். ராபர்ட் கால்டுவெல் 1814-ல் அயர்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் படித்தார். 1838 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். 1841-ல் சென்னையிலிருந்து கால்நடையாகவே தஞ்சாவூர், நீலகிரி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குப் போய், இடையன்குடி என்னும் சிற்றூரில் குடியேறினார். அவரும் அவர் மனைவி எலிசா அம்மையாரும் அங்கே பள்ளிக்கூடம் வைத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கும் எழுத்தும் கைத்தொழிலும் கற்பித்தார்கள். 1877-ல் அவர் பிஷப் ஆனார். 1891 ஆகஸ்டு 28-ல், இதோ நமது பெரியகுளத்துக்கு மேலே இருக்கும் கொடைக்கானல் மலையில் காலமானார். அடக்கம் செய்தது இடையன்குடிக் கோயிலில்.

தோழர்களே! அவர் தமிழை வாழ வைப்பதற்காகக் கப்பல் ஏறி வரவில்லை. கிறிஸ்து மதத்தைப் பரப்ப வந்தார். பரப்புவதற்கு ஜனங்களுடைய பாஷை வேண்டும், ஆகவே படித்தார். இது இங்கு மட்டும் நடந்ததல்ல. பசிபிக் தீவுகளுக்குப் போன காட்ரிங்டன் என்னும் பாதிரியாரும் இப்படித்தான் தீவு மக்களின் பேச்சைப் படித்து, 1885-ல் மெலனீசிய பாஷைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். போன காரியம் ஒன்று. உலகத்துக்கு நின்ற பயன் மற்றொன்று!

நமக்குப் பயன்பட்ட நூல் கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணம். 1875-ல் அதைத் திருத்தி விரித்து மறுபடியும் அச்சிட்டார். அதுவரையில் பண்டிதர்கள் என்ன சொல்லி வந்தார்கள்? சமஸ்கிருதம் தேவ பாஷை, மற்றவையெல்லாம் அதன் வயிற்றுப் பிள்ளைகள் என்றார்கள். ஏன் என்று கேட்டால் சாஸ்திரம் என்பார்கள். கால்டுவெல் சாஸ்திரத்தைப் புரட்டவில்லை. பாஷைகளையே அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தார்.

நீங்களும் பார்க்கலாம். இதற்குப் பட்டணம் போக வேண்டாம். நமது சந்தைக்குப் போனால் போதும். இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, கன்னடம் பேசுகிறவர்கள் உண்டு, குமுளி மலை ஏறினால் மலையாளம். நாம் மூன்று என்றால் மலையாளத்தார் மூன்னு, கன்னடத்தார் மூரு, தெலுங்கர் மூடு என்பார்கள். சமஸ்கிருதத்தில் திரி. வெள்ளைக்காரன் திரீ என்கின்றான்! நாம் கண் என்றால் அவர்கள் கண்ணு, கன்னு என்கின்றார்கள், சமஸ்கிருதத்தில் அக்ஷி. நாம் நீ என்றால் அவர்கள் நீ, நீனு, நீவு, சமஸ்கிருதத்தில் த்வம். யார் யாருக்கு உறவு என்று சொல்ல ஜோசியர் வேண்டுமா? வெற்றிலை பாக்கைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கலாம். கண்ணையும் மூக்கையும் கடன் வாங்க முடியுமா? அதுபோலத்தான் ஒரு பாஷை வெளியிலிருந்து எத்தனை சொல்லைக் கடன் வாங்கினாலும் எண்ணும், நான் நீ என்பதும், வேற்றுமை உருபும் அதன் சொந்தச் சொத்தாக இருக்கும். தமிழ் சமஸ்கிருதத்தின் துணையின்றியே நிற்கவும் வளரவும் கூடியது என்று அவர் முடிவு சொன்னது இந்தக் கணக்கைக் கொண்டுதான். அவர் வழங்கிய “திராவிட” என்னும் குடும்பப் பெயரையே, 1944-ல் சேலத்தில் நமது இயக்கமும் திராவிடர் கழகம் என்று ஏற்றுக் கொண்டது.

ஆனால் ஜெபத்தின் பலனாக இவ்வுண்மை வெளிப்பட்டது என்று எந்தப் பாதிரியாரும் சொல்ல இடமில்லை. இந்தப் பாஷைகள் தனிக் குடும்பம் என்பதை அவருக்கு 40 வருஷம் முன்னே, 1816-லேயே, எல்லிஸ் என்பவர் எடுத்துக் காட்டிவிட்டார். அவர் பாதிரியல்ல, சென்னைக் கலெக்டர்! அதேபோல, “தமிழ் சிவபெருமான் அகத்தியருக்குச் சொல்லிக் கொடுத்தது” என்கின்ற நம்மவர்களுக்கும் இக்கணக்கில் இடமில்லை. பாஷை மனிதன் உண்டாக்கியது. எந்தத் தேவன் வாயிலிருந்தும் வந்ததல்ல.

இனி, கால்டுவெல் சொன்னதெல்லாம் சரியா? இல்லை. 1849-ல், அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் மக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றும், அறிவு மந்தமானவர்கள் என்ற கருத்துப்படவும் எழுதினார். பள்ளிக்கூடம் இல்லாமல் ஊரார் அழுத்தி வைத்தவனைப் பார்த்து, “இவனுக்கு அறிவில்லை” என்பது என்ன நியாயம்? அம்மக்கள் சும்மா இருக்கவில்லை. அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்பவர் வெள்ளைப் பாதிரிகளை எதிர்த்து நின்று, 1857-ல் தனிச் சபையே கண்டார். அதற்குப் பெயர்தான் சுயமரியாதை!

தமிழ் நூல்களின் காலத்தையும் கால்டுவெல் மிகப் பிந்தியதாகக் குறித்தார். புறநானூறு அச்சானதே 1894-ல், அவர் இறந்த பிறகு. பிறகு 2006-ல் நமது ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த மாடுபிடிச் சண்டையைச் சொல்லுகின்றது. அவை கிறிஸ்து பிறப்பதற்கு முந்தியவை என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றார்கள். பிஷப்பின் கணக்கை நமது வையைக் கரைக் கல் திருத்திவிட்டது. இதில் அவருக்கு அவமானமில்லை. அவர் கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர். புதிய ஆதாரத்தைக் கண்டால் அவரே மகிழ்ந்திருப்பார்.

ஆனால் ஒன்று கேட்கின்றோம். நம் பண்டிதரிடம் ஆதாரம் கேட்ட அந்த அறிவு, தன் கையிலிருந்த வேத புஸ்தகத்திடம் ஏன் கேட்கவில்லை? நம்மூர்ப் பேய்க் கதையைப் பொய் என்றவருக்கு, செத்தவர் எழுந்த கதை மட்டும் மெய்யானது எப்படி? மதம் என்பது எவ்வளவு பெரிய அறிவாளியின் கண்ணிலும் ஒரு பக்கத்துக்குப் பட்டை கட்டிவிடுகின்றது. அந்த மதத்தில் சேர்ந்தும் நம்மவர்களைச் சாதி விடவில்லை. செத்தவனுக்குக்கூடச் சாதி பார்க்கும் கல்லறைத் தோட்டம் உண்டு.

ஆகவே தோழர்களே! 1968-ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தோம்; 2010-ல் தபால் தலையும் வந்தது. நன்றி காட்டுவது மனிதத்தன்மைதான். ஆனால் மாலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ராகு காலம் பார்த்தால் அந்தச் சிலை வெறும் கல்தான். ஒப்பிட்டுப் பார், எண்ணிப் பார், ஆதாரம் கேள் என்ற அவருடைய முறையை எடுத்துக் கொள்ளுங்கள். அதைக் கொண்டு புராணத்தைப் பாருங்கள், பைபிளைப் பாருங்கள், சாதியைப் பாருங்கள். கால்டுவெல்லையும் பாருங்கள். நாம் இப்போது பேசியதையும் அப்படியே பார்த்து, சரியென்று பட்டதை மட்டும் ஒப்புக் கொள்ளுங்கள்.