ஏழாவது விதி



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் தேசிய அழகிப் போட்டிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். பஞ்சமி நிலம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மலக்குழி மரணங்கள் என்று பேச எவ்வளவோ கிடக்கும்போது இது எதற்கு என்று ஒரு தோழர் நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்விதான். யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த அக்காவிடமிருந்தே இதற்கான பதிலைத் தொடங்குகிறேன்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பூவும் தெரிந்திருக்கும். முற்றுகையோ, உண்ணாவிரதமோ, காவல் நிலையமோ, எங்கே வந்தாலும் கொண்டையில் கனகாம்பரமோ மல்லிகையோ இருக்கும். தலை முழுக்க நரைத்த பிறகும் அதை அவர் விடவில்லை. பெண்ணியம் படித்துவிட்டு வந்த புதிதில் நாங்கள் சிலர் அவரைக் கிண்டல் செய்திருக்கிறோம். "போராட்டத்துக்கு வரும்போது எதுக்குக்கா இந்த அலங்காரம்?" என்று நானே கேட்டிருக்கிறேன். "எங்கம்மா வைக்கல, அதனால நான் வைக்கிறேன்" என்றார். ஏதோ வறுமையைச் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அக்கா பிறந்தது இராமநாதபுரம் மாவட்டத்துச் சேரி ஒன்றில். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பதிவுசெய்த ஒரு பட்டியலைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்து ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது; ரவிக்கை கூடாது, தாவணி கூடாது. எட்டாவது தடை குடைக்கும் செருப்புக்கும். ஏழாவது தடை, நம் பெண்கள் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு பதினொரு தடைகள் கொண்ட இன்னொரு பட்டியல் வந்தது.

அழகாக இருக்கக் கூடாது என்று நம் பெண்களுக்கு விதியே போட்டிருந்தார்கள். அழகிப் போட்டியைப் பற்றி நாம் பேசுவதாக இருந்தால் இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

இப்போது அமெரிக்கா. நியூ ஜெர்சி மாநிலத்தில் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை நகரம் இருக்கிறது. கோடைக்காலம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறதே, அதை இன்னும் சில நாள் பிடித்துவைக்க வேண்டும் என்று விடுதிக்காரர்களும் வணிகர்களும் யோசித்ததில் 1921இல் பிறந்ததுதான் மிஸ் அமெரிக்கா போட்டி. தேசம், பண்பாடு என்ற பேச்செல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 1930களில் அதன் விதிப் புத்தகத்தில் ஒரு விதி ஏறியது. போட்டியிடும் பெண் உடல்நலத்தோடும் வெள்ளை இனத்தவளாகவும் இருக்க வேண்டும் என்றது அது. அதுவும் ஏழாவது விதிதான். தற்செயலான ஒற்றுமை, நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் ஏறக்குறைய ஒரே காலத்தில் இராமநாதபுரத்திலும் அட்லாண்டிக் சிட்டியிலும் எந்தப் பெண்ணுக்கு அழகு அனுமதிக்கப்படும் என்பதை எண் போட்டு எழுதியிருக்கிறார்கள். விதி எழுதப்படுவதற்கு முன்பே, 1923இல், கறுப்பினப் பெண்கள் அந்த மேடையில் ஏற்றப்பட்டிருக்கிறார்கள், அடிமைகளின் வேடத்தில்.

பின்னாளில் அந்த விதியை நீக்கினார்கள். நீக்கிய பிறகும் 1970இல் அயோவா மாநிலத்தின் ஷெரில் பிரவுன் வரும்வரை ஒரு கறுப்பினப் பெண்கூட தேசியப் போட்டியில் நிற்கவில்லை. விதி தாளிலிருந்து போவதற்கும் தேர்வுக் குழுவின் கண்ணிலிருந்து போவதற்கும் நடுவே எத்தனை ஆண்டு ஆகும் என்று மாணவர்கள் யோசித்துப் பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1968 செப்டம்பர் 7 அன்று அந்த ஊரில் நடந்ததைத்தான். பகலில், போட்டி நடக்கும் அரங்கத்துக்கு வெளியே கடலோர மரப்பலகை நடைபாதையில், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மறியல் செய்தார்கள். ஓர் ஆட்டைக் கொண்டுவந்து மகுடம் சூட்டினார்கள். 'விடுதலைக் குப்பைத்தொட்டி' என்று ஒன்றை வைத்து, உள்ளாடை, இடுப்புக் கச்சை, பொய் இமை, குதிகால் செருப்பு எல்லாவற்றையும் அதில் வீசினார்கள். பெண்ணியவாதிகள் உள்ளாடையை எரித்தார்கள் என்று இன்றைக்கும் கேலி பேசுகிறார்களே, அது இங்கிருந்து கிளம்பியதுதான். உண்மையில் அங்கே எதுவும் எரிக்கப்படவில்லை. மரப்பலகையில் தீ வைக்க அனுமதி இல்லை. அவர்களுடைய துண்டறிக்கை அந்தப் போட்டியின் இனவெறியையும் சேர்த்தே கண்டித்தது. ஃபிளோரின்ஸ் கென்னடி என்ற கறுப்பின வழக்கறிஞரும் போராட்டத்தில் இருந்தார். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையினப் பெண்கள்.

அதே நாள் நள்ளிரவு வாக்கில், சில தெருக்கள் தள்ளி ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியில் இன்னொரு போட்டி நடந்தது. முதலாவது மிஸ் பிளாக் அமெரிக்கா. பிலடெல்பியாவைச் சேர்ந்த வணிகர் மோரிஸ் ஆண்டர்சன் தொடங்கியது. தாங்களும் மிஸ் அமெரிக்கா ஆக வேண்டும் என்று அவருடைய மகள்கள் ஆசைப்பட்டதும், அது நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்ததும்தான் காரணம். அந்த இரவு மகுடம் சூட்டப்பட்டவர் சாண்ட்ரா வில்லியம்ஸ், 19 வயதுக் கல்லூரி மாணவி. தலைமுடியை நேராக்காமல், சுருட்டை முடி சுருட்டையாகவே மேடை ஏறினார். ஆப்பிரிக்க நடனம் ஆடினார். அதற்கு முன்பு, தன் கல்லூரி இருந்த ஊரில் கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்ததை எதிர்த்து ஊர்வலம் நடத்தியவர்களில் ஒருவர் அவர். அகன்ற மூக்கும் தடித்த உதடும் அழகுதான் என்று நம் பெண்களுக்குக் காட்ட இந்தப் பட்டம் எனக்கு உதவும் என்று பத்திரிகையாளர்களிடம் பேசினார்.

ஒரே ஊர், ஒரே நாள். ஒரு பக்கம் மகுடத்தைக் குப்பையில் போடுகிறார்கள், இன்னொரு பக்கம் மகுடத்தைக் கையில் எடுக்கிறார்கள். யார் பக்கம் நிற்பது? பகல் போராட்டத்தின் பக்கம்தான் என்று நான் நெடுங்காலம் சொல்லிவந்தேன். பெண் உடலை அளந்து மதிப்பெண் போடுவது இழிவு. அதைக் கறுப்பர் நடத்தினால் என்ன, வெள்ளையர் நடத்தினால் என்ன? இன்றைக்கும் அந்தக் கருத்தை நான் விடவில்லை. ஆனால் குப்பைத்தொட்டியில் பொய் இமையை வீசிய பெண்ணுக்கு அது பிறந்தது முதல் திணிக்கப்பட்டது. அக்காவின் அம்மாவுக்குப் பூ மறுக்கப்பட்டது. திணிக்கப்பட்டவர் வீசுவதும் மறுக்கப்பட்டவர் எடுத்துச் சூடுவதும் பார்வைக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுமே எதிர்ப்புதான் என்பது எனக்கு மிகத் தாமதமாகவே உறைத்தது.

பாபாசாகேப் இதை எப்போதோ புரிந்துவைத்திருந்தார். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அவர் சேலை கட்டும் விதத்தைப் பற்றிப் பேசினார். தீண்டத்தகாதவள் என்று அடையாளம் காட்டும் கனத்த வெள்ளி நகைகளைக் கழற்றுங்கள், சேலையை மற்றப் பெண்களைப் போலக் கட்டுங்கள் என்றார். மனுஸ்மிருதியை எரித்த அதே மாநாட்டில் சேலையைப் பற்றியும் பேசியவர் அவர். அலங்காரம் அற்ப விஷயம் என்று அவர் ஒதுக்கவில்லை.

மகுடம் கையில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வனெஸா வில்லியம்ஸ் இருக்கிறார். 1983 செப்டம்பரில் மிஸ் அமெரிக்கா பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். கொலை மிரட்டல்கள் வந்தன. வெளுத்த நிறமும் வெளிர் கண்களும் இருந்ததால்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று கறுப்பின மக்களிலேயே சிலர் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில், பட்டத்துக்கு முன்பு எடுக்கப்பட்ட அவருடைய நிர்வாணப் படங்களை ஓர் ஆண்கள் பத்திரிகை அவர் அனுமதி இல்லாமல் வெளியிட்டது. பத்திரிகைக்கு விற்பனை, அவருக்குத் தண்டனை. பட்டத்தை விட்டுவிடும்படி போட்டியை நடத்தியவர்கள் சொன்னார்கள், விட்டுவிட்டார். 31 ஆண்டுகள் கழித்து, 2015இல், அமைப்பின் தலைவர் சாம் ஹாஸ்கெல் அதே மேடையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பலர் கண்ணீர் விட்டார்கள். 2017 டிசம்பரில், முன்னாள் வெற்றியாளர்களை இழிவாகப் பேசும் மின்னஞ்சல் பரிமாற்றங்கள் வெளிவந்ததால் அதே ஹாஸ்கெல் பதவி விலக வேண்டியதாயிற்று. மேடை எதைச் சொன்னாலும் அஞ்சல் பெட்டிக்குள் வேறொன்று இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் பிரயாக்ராஜ் கூட்டம் ஒன்றில் ராகுல் காந்தி, மிஸ் இந்தியா பட்டியலைப் பார்த்தேன், அதில் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண் ஒருவர்கூட இல்லை என்றார். ஒன்றிய அமைச்சர் கிரண் ரிஜிஜு, மிஸ் இந்தியாவை அரசாங்கமா தேர்ந்தெடுக்கிறது என்று கேட்டுக் கேலி செய்தார். அழகிக்கும் இட ஒதுக்கீடா என்று பல நாள் சிரித்தார்கள். கட்சிச் சண்டை நமக்கு வேண்டாம். அந்தச் சிரிப்பு மட்டும் வேண்டும். அவர் சொன்ன எண்ணிக்கை சரியா தவறா என்று யாரால் சரிபார்க்க முடியும்? பட்டியலில் சாதி இல்லை. குடும்பப் பெயரை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். 'வெள்ளை இனத்தவள்' என்று எழுதிவைத்தவர்கள் ஒருநாள் அதை அடிக்க வேண்டியிருந்தது. இங்கே எதையும் எழுதவில்லை, அதனால் அடிக்கவும் ஒன்றுமில்லை. எழுதாத விதிக்கு யார், யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

எழுதாத அந்த விதி எது என்றால் எல்லோரும் உடனே நிறத்தைச் சொல்வார்கள். நிறம் உண்மைதான். 2019இல் மிஸ் இந்தியா இறுதிச் சுற்றுக்கு வந்த 30 பெண்களின் படங்களை நாளிதழில் வரிசையாகப் போட்டபோது, ஒரே பெண்ணை முப்பது முறை அச்சடித்தது போல இருக்கிறதே என்று ஊரே கேட்டது. 2013இல், ஆந்திராவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகளான நீனா டவுலூரி மிஸ் அமெரிக்கா ஆனபோது, அங்கே இனவெறியர்கள் அவரை அரபி என்றும் தீவிரவாதி என்றும் வசைபாடினார்கள்; இங்கே, இந்த நிறத்தோடு மிஸ் இந்தியாவில் முதல் சுற்றையாவது தாண்டியிருப்பாரா என்று எழுதினார்கள். இருந்தாலும் நிறமும் சாதியும் ஒன்றல்ல. கறுப்பான பார்ப்பனரும் உண்டு, சிவந்த பறையரும் உண்டு. கறுப்புக்கு இடம் கிடைத்துவிட்டால் சாதிக்கும் விடை கிடைத்துவிடும் என்று ஏமாந்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு என் மாணவி ஒருவர், ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர், ஒரு நகர அளவிலான அழகிப் போட்டியில் கலந்துகொள்ளப்போவதாகச் சொல்லி என்னிடம் யோசனை கேட்டார். நான் முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். சந்தை, பெண்ணுடல், அழகுசாதன நிறுவனங்கள் எல்லாம் வந்தன. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றதெல்லாம் சரிதான் மேடம். ஆனா நீங்க தூக்கிப்போடச் சொல்றதை எங்கிட்ட யாரும் இதுவரைக்கும் கொடுத்ததே இல்லையே" என்றார்.

போனார். ஸ்டூடியோவில் படம் எடுக்க விடுதித் தோழிகள் காசு போட்டார்கள். செருப்பு இரவல். முதல் சுற்றில் நன்றாகவே நடந்திருக்கிறார். பிறகு நடுவர்கள் உட்காரவைத்துப் பேசியபோது, எந்தப் பள்ளி, வீட்டில் என்ன மொழி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். "நகராட்சியில் தூய்மைப் பணியாளர்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு நடுவர் ரொம்பப் பெருமையாக இருக்கிறது என்று கைதட்டினாராம். அடுத்த பட்டியலில் பெயர் இல்லை. காரணம் கேட்டதற்கு, தனித்தனியாகச் சொல்லும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அதை வைக்க முடியாது.

அப்படியானால் நாமே ஒரு தலித் அழகிப் போட்டி நடத்தலாமா என்று சென்ற வாரம் ஒரு மாணவர் கேட்டார். வேண்டாம் என்பேன். சாண்ட்ரா வில்லியம்ஸை மதித்துக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன். நாம் நடத்தினாலும் ஒரு பெண்ணை மேலே ஏற்றப் பலரைக் கீழே இறக்க வேண்டும். தரம் பிரித்து அடுக்கும் வேலையை நாம் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? ஆனால் இந்தியா என்ற பெயரைப் போட்டு ஒரு நிறுவனம் காசு பார்க்கிறது என்றால், அந்த இந்தியாவுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், எந்தச் சுற்றில் யார் நின்றார்கள், நடுவர்கள் யார், என்ன கேட்டார்கள் என்பதையெல்லாம் வெளியிடச் சொல்லுங்கள். தனியார் நிறுவனம், மறுப்பார்கள். மறுக்கட்டும். அந்த மறுப்பாவது எழுத்தில் வரட்டும்.

அந்த மாணவி இப்போது வழக்கறிஞர். இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போட்டி வேண்டாம் என்ற என் கருத்தை அவர் இன்றுவரை ஏற்கவில்லை. வரும் வழியிலும் காரில் சண்டைதான். மீதி நேரத்தை அவருக்குத் தருவதாகச் சொல்லித்தான் அழைத்துவந்தேன். வாங்கம்மா, இந்த மைக்கைப் பிடிங்க.