ஆலைக் கழிவும் பழவேற்காடு ஏரி மக்களும்

(பழவேற்காடு வட்டாரக் குப்பம் ஒன்றில் ஆலைத் தொழிலாளரும், விவசாயத் தொழிலாளரும், மீனவரும் கூடியிருந்த கூட்டத்தில் முழுநேர ஊழியர் தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)



மணலி, மீஞ்சூர் ஆலைகளில் உழைக்கும் தோழர்கள் வந்திருக்கிறீர்கள். பொன்னேரி வயல்களில் நடவு நடும் தோழர்கள் வந்திருக்கிறீர்கள். ஏரியை நம்பி வாழும் குப்பத்து ஜனங்களும் வந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது? அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் வயதான ஓர் அம்மாளைப் பார்த்தேன். பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். கரையேறியபோது பறியின் அடிதான் நிறைந்திருந்தது. "இவ்வளவுதானா, ஆயா?" என்று கேட்டேன்.

"இதுவே இன்னிக்கு அதிகம், தம்பி. ஆலைத் தண்ணி வருதுன்னு ஊருல மறியலுக்குக் கூப்பிடறாங்க. எம் பையன் அந்த ஆலையிலதான் காண்ட்ராக்ட்டுல கூலிக்குப் போறான். நான் மறியலுக்குப் போனா அவன் வேலை போயிடும். போவலேன்னா ஏரி போயிடும். நான் எந்தப் பக்கம் ஒக்காரட்டும், நீயே சொல்லு" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கு இன்று எல்லோரும் சேர்ந்து பதில் தேடுவோம்.

இந்த ஏரி எப்படிப்பட்ட ஏரி? இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கிறது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் அந்த இடுப்பளவுத் தண்ணீர் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கிறது. முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் ஏரியின் உயிர்.

இந்த மக்கள் ஏரியை முறை வைத்து ஆண்டார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று யார், எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். அதில் குறை இல்லையா? இருந்தது. எல்லாச் சாதியாருக்கும் பாட்டில் இடம் கிடைக்கவில்லை; இருளர்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் கையால் தடவித்தான் பிடித்தார்கள். அதையும் மறைக்காமல் பேச வேண்டும். ஆனாலும் ஒருவனே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகக் கூடாது என்ற நியாயம் அதில் இருந்தது.

இனி ஆலைகளின் கதைக்கு வருவோம். தெற்கே எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிறது. அந்த ஆற்றுக்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும் பழவேற்காடு ஏரியோடு தொடர்புள்ளவை. ஓரிடத்தில் கலக்கும் நஞ்சு அங்கேயே நிற்பதில்லை. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. 1994-ல் வடசென்னை அனல் மின்நிலையம் வந்தது. பிறகு வல்லூர் வந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் ஊரையே விட்டு வேறிடம் போக நேர்ந்தது.

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம் வீட்டிலும் விளக்கு எரிகிறது. ஆனால் அந்த விளக்கின் செலவு யார் தலையில் விழுகிறது? நம் நாட்டு நிலக்கரி 100 டன் எரிந்தால் 30 முதல் 40 டன் சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளுகிறார்கள். குழாய் உடைகிறது, சாம்பல் ஆற்றில் படிகிறது, ஆழமான கழி மேடாகிறது. யந்திரத்தைக் குளிர்வித்த சூட்டுத் தண்ணீரும் கழியில் விடப்பட்டு வந்திருக்கிறது. சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறையும். இறால் குஞ்சு அதில் எப்படிப் பிழைக்கும்?

2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழியை மூடியது. படகும் வலையும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ந் தேதி இரவு, எண்ணூர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி நடுராத்திரியில் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

துறைமுகத்தால் என்ன கெடுதி என்று சிலர் கேட்கிறார்கள். நம் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கல்லைப் போட்டு மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியது 1870-களில். அதன் பிறகு தெற்கே மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. இவ்வளவு தெரிந்த பிறகும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆண்டுக்கு 32 கோடி டன் சரக்குக்கு விரிவாக்கத் திட்டம் போட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் 2021-ல் ஒரு முறையும் 2023-ல் ஒரு முறையும் தள்ளி வைக்கப்பட்டது.

வயலில் உழைக்கும் தோழர்களே! இது மீனவர் பிரச்னை மட்டும்தானா? மீஞ்சூர்ப் பக்கம் ஆலைகளுக்காகவும் பட்டணத்துக்காகவும் ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீரை உறிஞ்சினார்கள். நல்ல தண்ணீர் போன இடத்தில் கடல்நீர் புகுந்தது. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1983-ல் சுமார் 7 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிணறு உப்பானால் பயிர் இல்லை. பயிர் இல்லையென்றால் நடவுக் கூலி ஏது?

பிடிப்பு குறையும்போது யார் யாரோடு சண்டை போடுகிறார்கள்? குப்பமும் குப்பமும் மோதுகின்றன. பாடு உள்ளவனும் பாடு இல்லாதவனும் மோதுகிறார்கள். ஆலைத் தொழிலாளியும் மீனவனும் ஒருவரையொருவர் முறைக்கிறார்கள். கழிவைத் திறந்துவிட்டவன் தூரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான்.

கணக்கைப் பாருங்கள். கழிவைச் சுத்தம் செய்யப் பணம் வேண்டும். அந்தச் செலவைச் செய்யாவிட்டால் அது லாபத்தில் சேருகிறது. சர்க்கார் ஆலையானாலும் செலவைக் குறை என்ற உத்தரவுதான். ஆனால் செலவு மறைந்துவிடவில்லை. அது ஆயாவின் பறியில் விழுகிறது, கிணற்றில் விழுகிறது, குழந்தையின் நெஞ்சில் விழுகிறது. ஆலைக்குள்ளே முகமூடிக்கும் தூசி தடுக்கும் கருவிக்கும் காசு இல்லை என்று சொல்கிற அதே கைதான் வெளியே கழிவைத் திறந்துவிடுகிறது. கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலையை நினைத்துப் பாருங்கள். காட்டில் கொட்டிய பாதரசம் முதலில் தொழிலாளியின் உடம்புக்குள்ளேதான் போயிற்று. ஆலை 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு ஒப்பந்தம் கிடைக்க 2016 வரை போராட வேண்டியிருந்தது.

ஜப்பானில் மினமாட்டா என்று ஓர் ஊர். சிஸ்ஸோ என்ற ஆலை அங்கே பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்ற மக்களுக்குக் கைகால் நடுங்கியது, கண் மங்கியது. பிறந்த குழந்தைகளும் ஊனமாயின. நோய் வெளியே தெரிந்தது 1956-ல். 1959-ல் ஆலை மருத்துவரே கழிவைப் பூனைக்குக் கொடுத்து உண்மையைக் கண்டார். கம்பெனி அதை மறைத்தது. அந்த ஆண்டு மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து போராடினார்கள். அப்போது ஆலைத் தொழிற்சங்கம் என்ன செய்தது? கழிவை நிறுத்தினால் வேலை போகும் என்று பயந்து எதிர்ப்பக்கம் நின்றது.

மூன்று வருஷம் கழித்து, 1962-ல், கம்பெனி தன் தொழிலாளர் மீதே பாய்ந்தது. கதவடைப்புச் செய்தது, சங்கத்தை இரண்டாகப் பிளந்தது. மீனவனை அழித்தவன் தன்னையும் விடமாட்டான் என்று தொழிலாளி அப்போது கண்டான். 1968 ஆகஸ்டில் பழைய சங்கம் பகிரங்கமாகத் தீர்மானம் போட்டது: இந்த நோயாளிகளுக்காக இதுவரை போராடாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறோம் என்று அறிவித்தது. அடுத்த மாதம்தான் ஜப்பான் அரசாங்கமே கம்பெனியைக் காரணம் என்று ஒப்புக்கொண்டது.

தோழர்களே! அந்தச் சங்கம் வெட்கப்படுவதற்குள் எத்தனை உயிர் போயிற்று! நாம் அவ்வளவு தாமதிக்கக் கூடாது.

இராத்திரி ஷிப்டில் எந்த வால்வு திறக்கிறது, எந்தக் குழாய் ஓட்டை என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். தண்ணீர் எந்த நாளில் நிறம் மாறியது என்பது மீனவனுக்குத் தெரியும். இந்த இரண்டு கணக்கையும் ஒரே நோட்டில் எழுதுவோம். நம் கோரிக்கைகள் இவை: ஓட்டைச் சாம்பல் குழாய்களை மாற்று! சாம்பலைச் செங்கலுக்கும் சிமெண்டுக்கும் பயன்படுத்த 1999-லேயே போட்ட உத்தரவை அமலாக்கு! கசிவைச் சொல்லும் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்காதே! காண்ட்ராக்ட் கூலிகளை நிரந்தரமாக்கு! வலை போட முடியாத நாட்களுக்கு, பாடு உள்ளவருக்கும் கையால் தடவிப் பிடிப்பவருக்கும் சமமாக நஷ்ட ஈடு கொடு!

அந்த ஆயா இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவர் மகனும் ஷிப்ட் முடிந்து நேரே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆயா, எந்தப் பக்கம் உட்காருவது என்று கேட்டீர்கள். மகனுக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள். அடுத்த மறியலுக்கு அவனோடு அவன் சங்கமும் வரவேண்டும். அதற்கான வேலையை நாளைக் காலை ஆலை வாசலில் தொடங்குவோம்.