பெயர் மாற்றம் சொல்லும் பாடம்



ஆபாசப் பொருள் விற்பனையைத் தடுக்கும் பிரிவு 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. அன்று அது அச்சுப் புத்தகத்துக்கும் படத்துக்கும் போட்ட வேலி. 1995 ஆகஸ்ட் 15ல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது. இன்று அது பேரக்குழந்தையின் கைக்குள் இருக்கிறது.

2024 செப்டம்பர் 23ல் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. ஒன்று, 'சிறார் ஆபாசப் படம்' என்ற சொல்லை நீதிமன்றங்கள் பயன்படுத்தலாகாது. அது ஒரு குழந்தைக்கு இழைத்த கொடுமையின் பதிவு. இரண்டு, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பகிரும் எண்ணத்தோடு வைத்திருந்தாலே குற்றம், பகிர்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே, "இந்தக் குழந்தையைக் காப்பாற்றுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தாலும், அத்தகைய படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். போலீஸிலோ, 1098 எண்ணிலோ, மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ தெரிவியுங்கள்.

"நம்மாத்துக் குழந்தைக்கு அப்படியெல்லாம் வராது" என்று இருந்துவிடாதீர்கள். மிரட்டுகிறவனின் பலமே குழந்தையின் மௌனம்தான். அதைக் கலைக்க, எடுத்தவுடன் திட்டாத பெரியவர் ஒருவர் வீட்டில் வேண்டும். தாத்தா பாட்டிகளாகிய நாம் அந்தப் பெரியவராக இருப்போம்.