கடையில் கொடுக்கும் வரி யாருடைய வீட்டுக்குப் போகிறது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடந்த கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சம்பளம் வாங்கியதும் கடைக்குப் போகிறோம். சவர்க்காரம், பிஸ்கட், போனுக்கு ரீலோட் என்று வாங்குகிறோம். அந்த விலைக்குள்ளேயே வற் வரி இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் அது 18 வீதம். "தோட்டத்து ஆட்கள் வரி கட்டாதவர்கள்" என்று யாராவது சொன்னால், கடைத் துண்டைக் காட்டுங்கள்.

இப்படிக் கடையில் வசூலிக்கும் வரியில் ஏழைகளுக்கு வீடு கட்டலாமா? அமெரிக்காவில் சில ஊர்கள் அதைச் செய்கின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கலிபோர்னியா மாநிலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி என்ற பெரிய நிர்வாகப் பிரதேசம் இருக்கிறது. 88 நகரங்கள், ஏறத்தாழ ஒரு கோடி மக்கள். பணக்கார நாடுதான். ஆனாலும் 2024இல் எடுத்த கணக்கில் அங்கே 75,000க்கும் அதிகமானோர் வீடில்லாமல் இருந்தார்கள். வேலை செய்கிறவர்களுக்கே வாடகை கட்ட முடியவில்லை.

2024 நவம்பரில் அந்த மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 100 டொலருக்குப் பொருள் வாங்கினால் 50 சதம் இந்தத் தேவைக்கு வரியாகக் கொடுக்கச் சம்மதமா என்பதுதான் கேள்வி. அதற்கு முன்பு 25 சதம் கொடுத்து வந்தார்கள். பெரும்பான்மையோர் சம்மதித்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் புதிய வரி நடைமுறைக்கு வந்தது. வருடத்துக்கு ஏறத்தாழ 110 கோடி டொலர் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது பணத்தின் அளவை அல்ல, அதைப் பங்கிட்ட விதத்தை. வாக்கெடுப்புக்கு முன்பே பங்கு எழுதப்பட்டிருந்தது. வீடில்லாதவர்களுக்கான சேவைகளுக்கு 60 வீதம். வீட்டு வேலைக்கென்று 2022இல் சட்டத்தால் அமைத்த தனி அமைப்புக்கு 35.75 வீதம். அந்த அமைப்பு தன் பணத்தில் குறைந்தது 40 வீதத்தைக் குறைந்த வாடகை வீடுகளைக் கட்டவும் பாதுகாக்கவும், குறைந்தது 30 வீதத்தை வாடகைக்கு இருப்பவர்களைக் காப்பாற்றவும் செலவிட வேண்டும். பணத்தின் பெரும் பகுதி நகரங்களுக்கு இறங்குகிறது. பெரிய நகரங்கள் நேரடியாகப் பெறுகின்றன. சிறிய நகரங்கள் கூட்டாகச் சேர்ந்து பெறுகின்றன.

இதில் குறையும் இருக்கிறது. கடை வரி ஏழைக்குத்தான் பாரம். நூறு ரூபாய் சம்பாதிப்பவர் நூறையும் செலவழிக்கிறார். லட்சம் சம்பாதிப்பவர் பாதியைச் சேமிக்கிறார். அதனால்தான் கலிபோர்னியாவில் சமையலுக்கு வாங்கும் உணவுப் பொருட்களுக்கும் வைத்தியர் எழுதித் தரும் மருந்துக்கும் இந்த வரி கிடையாது.

அதே நவம்பரில் டென்வர் நகரத்திலும் வீட்டுக்காக 100 டொலருக்கு 50 சதம் கேட்டார்கள். மக்கள் மறுத்துவிட்டார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லவில்லை என்பது எதிர்த்தவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று.

இனி நம் விடயத்துக்கு வருவோம். புதிய வரி கேட்க நான் இங்கே வரவில்லை. நாம் கட்டுவதே போதும். நாம் கட்டும் வற் வரி பொதுத் திறைசேரியில் சேர்கிறது. அதில் இத்தனை வீதம் லயத்துக் குடும்பங்களின் வீட்டுக்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2018இல் பெருந்தோட்டப் பகுதிகளின் புதிய கிராமங்களுக்கென்று ஓர் அதிகார சபையைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். ஆனால் அதற்குரிய பணத்தை வருடா வருடம் வரவுசெலவுத் திட்டத்தில் எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. இந்திய அரசாங்கத்தின் உதவியில் முதலில் 4,000, பிறகு 10,000 வீடுகள் என்று திட்டம் வந்தது. நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் அது அயல் நாட்டு மக்களின் வரிப்பணம். நம்முடைய வரிப்பணத்தில் நமக்குள்ள பங்கை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

ஆகவே வாக்குக் கேட்டு வருகிறவரிடமும், வென்ற பிறகு மாலை போட்டுக்கொள்ள வருகிறவரிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த வருடம் தோட்ட வீட்டுக்கு ஒதுக்கியது எவ்வளவு? அதில் வருட முடிவில் உண்மையாகச் செலவானது எவ்வளவு? கட்டிய வீடுகளில் எத்தனைக்குக் காணி உறுதி கையில் கொடுக்கப்பட்டது?

வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; 2017 முதல் அது நமக்கும் உரியது. விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் தோட்டத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், சங்கக் காரியாலயமும் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு விண்ணப்பத்தின் பிரதியோடு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.